பொற்பனைக்கோட்டை அகழாய்வில் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பொற்பனைக்கோட்டை, வேப்பங்குடி மற்றும் சுற்றுப்புறச் சிற்றூர்களைச் சேர்ந்த பெரியோர்களுக்கும் அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், பழங்காலக் கோட்டை இருந்த பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2024 ஜூன் 18 அன்று தொடங்கிய இரண்டாம் கட்ட அகழாய்வில், தொல்லியல் பயிலும் மாணவனாகப் பங்குபெறும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அகழாய்வு அறிக்கைகளில் குழிகளின் எண்களும் மண்ணடுக்குகளின் ஆழமும் தொல்பொருள்களின் பட்டியலும் விரிவாக இடம்பெறும். மண்ணைத் தோண்டியவர்களோ முன்னுரையில் ‘உள்ளூர்ப் பணியாளர்கள்’ என்ற இரு சொற்களுக்குள் அடங்கிவிடுவார்கள். அது போதாது என்று எண்ணியே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்களுக்கு. பத்து மீட்டர் சதுரத்தை நான்காகப் பிரித்து, இடையில் தோண்டாத மண்ணைக் குறுக்குச் சுவராக விட்டு, மூலைகளில் ஆப்படித்து நூல் கட்டிக் கொடுப்பதோடு எங்கள் படிப்பின் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடும். அதன் பிறகு கைக்கொத்தால் மெல்லச் சுரண்டி, கரண்டியால் வழித்து, தூரிகையால் துடைத்து, சட்டி சட்டியாக மண்ணை மேலே அனுப்பி, அதைச் சல்லடையில் சலித்துப் பார்ப்பது வரை எல்லாம் உங்கள் கைகளில்தான் நடந்தது. குழிச் சுவரை நூல் பிடித்தாற்போல நேராக நிறுத்துவது எளிய வேலையன்று. சுவர் சாய்ந்தால் அடுக்குகளின் படம் பிழைபடும். படம் பிழைபட்டால் எந்தப் பொருள் எந்தக் காலத்தது என்ற கணக்கும் பிழைபடும்.

அவர்களுள் மூத்தவரான ஓர் அம்மாவுக்கு நான் தனியே கடன்பட்டிருக்கிறேன். குழியின் தரையில் வட்டமாகக் கருநிறம் தெரிந்தபோதெல்லாம் அது கம்பம் நட்ட குழியா என்ற விவாதம் எங்களுக்குள் எழும். கூரை தாங்கிய மரக்கம்பம் மக்கிப்போன இடத்தில்தான் அத்தகைய வட்டம் எஞ்சும். எனவே வரிசையாக அமைந்த சில வட்டங்களைக் கொண்டே ஒரு வீட்டின் அளவைக் கூறிவிட முடியும். அந்த அம்மா விரலால் மண்ணை நெருடிப் பார்த்து, “இது எலி வளைப்பா, உள்ள போயி வளையும் பாரு” என்பார். நிலக்கடலைக் காட்டில் எலி வெட்டிப் பழகிய கை அது. பாதியை மட்டும் வெட்டிப் பார்த்தால், அவர் சொன்னபடியே துளை ஓரடிக்குக் கீழே பக்கவாட்டில் திரும்பியிருக்கும். இதில் பொருட்படுத்த என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். எலி வளையின் வழியே மேலடுக்குப் பாசிமணி கீழடுக்குக்கு இறங்கிவிட்டால் காலக்கணிப்பே தடம் மாறிவிடும். காலத்தைக் கணிக்கக் கரித்துண்டை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன் அந்த மண் கலையாத மண்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்த உறுதியைப் பல முறை எங்களுக்கு அளித்தவர் அவர்.

உடைந்த பானை ஓடுகளைக் கழுவிய அக்காமார்களை வெளியூரிலிருந்து பார்க்க வருபவர்கள் கண்டுகொள்வதில்லை. வருவோர் எல்லோரும் முதலில் கேட்பது “தங்கம் கிடைத்ததா?” என்பதே. 2023-இல் தொல்லியல் துறையின் முதல் கட்ட அகழாய்வில் கிடைத்த சிறிய தங்க மூக்குத்தி செய்தித்தாள்களில் இடம்பெற்றதால் வந்த கேள்வி இது. அதன் எடை 0.26 கிராம். அத்தனை சிறிய பொருள் மண்ணோடு கொட்டப்பட்டுப் போகாமல் கண்ணில் பட்டது, பொறுமையாகத் தேடியவர்களின் பேறு. ஆயினும் என் கருத்தில், ஒரு கோட்டைக்குள் மக்கள் என்ன சமைத்தார்கள், எங்கிருந்து என்ன வாங்கினார்கள் என்பதைத் தங்கத்தைவிடப் பானையோடுகளே மிகுதியாகச் சொல்கின்றன. ஓட்டைக் கழுவும்போது அழுத்தித் தேய்த்தால், அதில் அக்கால மக்கள் கீறிவைத்த குறியீடு மழுங்கும். மண் போகாவிட்டால் குறியீடு இருப்பதே தெரியாது. இரண்டுக்கும் நடுவே கை நிற்க வேண்டும். குழி எண், ஆழம் எழுதிய சீட்டு ஒன்றுகூட இடம் மாறாமல் அந்த ஓடுகளைப் பாயில் பரப்பி உலர்த்திக் கொடுத்தீர்கள்.

இந்த இடத்தை அகழ வேண்டும் என்று நெடுங்காலம் வலியுறுத்தி வந்த புதுக்கோட்டை மாவட்டத்துத் தொல்லியல் ஆர்வலர்களுக்கும் நன்றி உரியது. வட்டமாக ஓடும் மதில் மேட்டையும் அதன் வெளியே அகழியின் தடத்தையும் அவர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டிய பின்னரே 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இங்கே முதன்முதலாக அகழாய்வு நடத்தியது. அரசுத் துறையின் பணி 2023-இல் அதைத் தொடர்ந்தது.

நடுப்பகல் வெயிலில் மோர் கொண்டுவந்து கொடுத்த வீட்டாருக்கும், ஆடி முடியும்வரை பலாச்சுளையைத் தாராளமாக அள்ளித் தந்தவர்களுக்கும், முனீஸ்வரர் கோயில் படையலில் எங்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியவர்களுக்கும் நன்றி. திடீர் மழை பெய்த இரவுகளில் அழைக்காமலே ஓடிவந்து, தார்ப்பாய் பறக்காதபடி ஓரங்களில் கல் வைத்து, குழியைச் சுற்றி வரப்புக் கட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்ட இளைஞர்களை எப்படிப் பாராட்டுவது என்று தெரியவில்லை. அவர்கள் வராதிருந்தால் நனைந்து சரிந்த செங்கல் கட்டுமானத்தைத்தான் காலையில் பார்த்திருப்போம்.

ஊர்ப் பள்ளி மாணவர்களை வரிசையாக அழைத்துவந்து, குழி விளிம்பில் கால் வைக்காமல் நின்று பார்க்கப் பழக்கிய ஆசிரியர்களுக்கும் என் வணக்கம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பணியின்போது உங்களில் பலரை உங்கள் ஒப்புதலோடு நிழற்படம் எடுத்திருக்கிறேன். துறை அனுமதி அளிக்கும் படங்களை அச்சிட்டு, பெயர் எழுதிய உறைகளில் இட்டுத் தேநீர்க் கடை அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். தம் பெயரை எந்த எழுத்துகளில் எழுத வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
அகழாய்வில் பயின்ற ஒரு மாணவன்