செயலாளரின் ஆண்டறிக்கை: பால்மரங்களுக்கு நடுவே ஒன்பது கூடைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, விடியுமுன்னே கூடை தூக்க வந்துவிடும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பிறகான நம் டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் ஓராண்டு அறிக்கை இது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைக்கிறார். செயற்குழு கூடிய போதெல்லாம் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் பேசினோம்: ஐந்தாம் கூடை. அதனால் இந்த அறிக்கையிலும் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

இந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்காக முதலில் சிறு அறிமுகம். டிஸ்க் கோல்ஃபில் பந்தும் மட்டையும் இல்லை. வட்டை வீசி, அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, சங்கிலி தொங்கும் கூடைக்குள் போடவேண்டும். யார் குறைந்த வீச்சில் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கான முதல் திடலை அமைத்தவர் எட் ஹெட்ரிக். சங்கிலிக் கூடையை உருவாக்கியவரும் அவரே. அங்கே ஓக் மரம். நமக்கு இங்கே பால்மரம், அதாவது ரப்பர் மரம்.

நாம் ஆடும் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தின் பெயரே ரப்பரிலும் அன்னாசியிலும் கொடிகட்டிப் பறந்த லிம் நீ சூனின் பெயரிலிருந்து வந்ததுதான். நாம் ஆடும் சரிவு ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் மிச்சம். சுற்றிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள் எழும்பிவிட்ட பிறகும் கொஞ்சம் பால்மரங்களும் சில ரம்புத்தான் மரங்களும் அங்கே நிலைத்துவிட்டன. நமக்கென்று நிரந்தரக் கூடைகள் கிடையாது. அனுமதி வாங்கிய காலைகளில் ஒன்பது கூடைகளைத் தூக்கிப்போய் வைத்து, ஆடி முடித்து, தூக்கி வருகிறோம்.

வெட்டவெளித் திடலில் வீசிப் பழகியவர்கள் இங்கே வந்ததும் தடுமாறுகிறார்கள். அதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். தூரம் வீசுவதற்கான டிரைவர் என்ற வேகமான வட்டுக்கு வேகமான வீச்சு வேண்டும். அந்த வேகம் கிடைக்காவிட்டால், வலது கைக்காரர் பின்கையால் வீசும் வட்டு பாதி வழியிலேயே இடப்பக்கம் சாய்ந்துவிடும். நாலடி இடைவெளியில் மரங்கள் நிற்கும் இடத்தில் அது போய் மோதத்தான் செய்யும். இங்கே கைகொடுப்பது, கூடைக்கு அருகிலிருந்து போடுவதற்கான பட்டர் வட்டுதான். மெதுவாக, நேராக, முப்பது நாற்பது மீட்டர் போனால் போதும். அடுத்த வீச்சுக்கு நல்ல இடம் கிடைத்துவிடும். தூரம் வீச முடியவில்லையே என்று வருந்திய சகோதரிகள் இருவர் இந்த ஆண்டு ஒன்பது கூடைகளையும் மூன்று மூன்று வீச்சில் முடித்தார்கள். முறுக்கி வீசிய இளைஞர்களால் அது முடியவில்லை.

சரி, ஐந்தாம் கூடைக்கு வருகிறேன். நம் ஒன்பதில் அழகானது அதுதான். இரண்டு வரிசைப் பால்மரங்களுக்கு நடுவே நீண்ட ஓடை போன்ற வழி, முடிவில் மேட்டின்மேல் கூடை. வலப்பக்கம் மூன்றாவதாக நிற்கும் மரத்தில், மார்பளவு உயரத்தில், வட்டுகள் பட்டுப் பட்டுப் பட்டை நைந்து உள்மரம் தெரிய ஆரம்பித்திருந்தது. மாசி மாத ஆட்டத்துக்குப் பிறகுதான் நாங்கள் அதைக் கவனித்தோம். முன்பே கவனித்திருக்க வேண்டும்.

‘பால்மரம்தானே ஐயா, வெட்டுப்பட்டே வளர்ந்த மரம், தாங்காதா?’ என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொன்னவர் நம் மூத்த உறுப்பினர். இளவயதில் ஜொகூர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் எங்களை மரத்தடிக்கே அழைத்துப்போனார். அதே மரத்தின் பின்பக்கம் பழைய வெட்டுக்கோடு இருந்த இடத்தைத் தடவிக் காட்டினார். வழவழவென்று புதுப்பட்டை மூடியிருந்தது. “பால் இருக்கிறது பட்டையில். கத்தி பட்டையைத்தான் சீவணும், மரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். மரத்தில் காயம் போட்டால் கங்காணி கூலியைப் பிடிப்பார்” என்றார். அப்புறம் முன்பக்கம் வந்து நைந்த இடத்தில் கையை வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் சொன்னது முழு உண்மை. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. புதுப்பட்டை அதிலிருந்துதான் வருகிறது. 1877இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. ஆனால் மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைத் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி கண்டறிந்து பரப்பிய பிறகுதான் இங்கே ரப்பர் தொழில் காலூன்றியது. அந்த முறையின் அடிப்படையே படலத்தைத் தொடாமல் சீவுவது. வட்டின் விளிம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒரே இடத்தில் ஞாயிறுதோறும் இடித்து அதை நசுக்கிவிடுகிறது.

அடிமரத்தைத் தேங்காய்நார்ப் பாயால் சுற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. நம் ஊர் ஈரத்தில் பாய்க்கு அடியில் நீர் தங்கி, காயம்பட்ட மரம் இன்னும் கெட்டுப்போகும் என்று பயந்து அதை விட்டுவிட்டோம். குறுக்கே நீளும் கிளையை ஒடித்து வழியை அகலமாக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. வீசும் வழியைச் சரிசெய்ய மரத்தில் கைவைக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. நிற்கும்போதுகூடக் கிளை மிகக் குறைவாக அசையும்படிதான் நிற்க வேண்டும். மரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் அப்புறம் வெறும் திடலில்தான் நின்றுகொண்டிருப்போம்.

கடைசியில் கூடையையே மாற்றினோம். வீசும் இடத்தை எட்டடி இடப்பக்கம் தள்ளி, கூடையை மேட்டிலிருந்து இறக்கி வளைவுக்குப் பின்னால் வைத்தோம். இப்போது வட்டு அந்த மரத்தின் பக்கமே போவதில்லை. பழைய ஐந்தாம் கூடையை இழந்ததில் பலருக்கு வருத்தம், எனக்கும்தான். அங்கே ஒருநாள் இரண்டே வீச்சில் கூடைக்குள் சங்கிலி சலசலத்தது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனாலும் முடிவு சரியானது. காயத்தின் ஓரங்களில் பட்டை உருண்டு வருவதைப் போன மாதம் மூத்தவரே பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

மற்றவை சுருக்கமாக. பால்மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் தரையெல்லாம் செம்மஞ்சள் சருகு. அந்தப் பருவத்தில்தான் பல வட்டுகள் தொலைந்தன, பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தவை. விதிப்படி தேட மூன்று நிமிடம்தான். ஆகவே அந்த மாதங்களில் நீலமோ இளஞ்சிவப்போ கொண்டுவாருங்கள்.

மூன்றாம் கூடையில் வீசுபவருக்கு நடைபாதை தெரியாது. ஒரு காலை, வட்டு ஒன்று நடந்துபோன அம்மா ஒருவரின் காலடியில் விழுந்தது. அடிபடவில்லை, ஆனால் அவர் பயந்துவிட்டார். தலைவரும் நானும் நேரில் மன்னிப்புக் கேட்டோம். அன்றிலிருந்து வளைவில் ஒருவர் நின்று கைதூக்கிய பிறகே வீசுகிறோம். இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

இடி கேட்டால் ஆட்டம் நிற்கும். பாதி ஆட்டத்தில் கலைந்த நாள்கள் ஏப்ரலிலும் நவம்பரிலும் நிறைய. மரத்தடியில் ஒதுங்காமல் நேராகப் புளோக் கீழ்த்தளத்துக்கு வந்துவிட வேண்டும் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். சங்கிலிச் சத்தம் தூக்கத்தைக் கெடுப்பதாகப் பக்கத்துப் புளோக்கிலிருந்து முறையீடு வந்ததால், அந்தப் பக்கத்துக் கூடைகளை ஒன்பது மணிக்குப் பிறகே வைக்கிறோம். குரங்குகளுக்குப் பழம் கொடுக்காதீர்கள். 2020 முதல் வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம்.

பங்குனி உத்திரத்தன்று ஆட்டம் வைக்கவில்லை. உறுப்பினர்களில் பலர் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் தண்ணீர்ப் பந்தல் தொண்டுக்குப் போயிருந்தார்கள். வரும் ஆண்டும் அப்படியே.

இரண்டு கூடைகளின் சங்கிலி துருப்பிடித்து அறுந்து தொங்குகிறது. அவற்றை மாற்றும் செலவுக்கு இன்று இக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். ஆறாம் கூடையின் இடப்பக்க மரத்திலும் லேசாகப் பட்டை உரிந்திருக்கிறது. அந்தக் கூடையையும் இடம் மாற்றுவதா என்று புதிய செயற்குழு முதல் கூட்டத்திலேயே முடிவெடுக்கக் கேட்டுக்கொண்டு, இந்த அறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்