டோல் பற்றி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மறுபடி சுங்கக் கட்டணம் வரப்போகிறது என்று நேற்றிலிருந்து ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தேதியும் இல்லை, அரசாணை எண்ணும் இல்லை. தயவுசெய்து அதை இனி இங்கே போடாதீர்கள்.

நடந்தது இதுதான்: மெட்ரோ வேலையைக் காரணம் காட்டி, பெருங்குடி உட்பட நான்கு இடங்களில் 2021 ஆகஸ்ட் 30 முதல் வசூல் நின்றது. நாவலூரில் மட்டும் 2023 அக்டோபர் 19-ல் வசூல் நிற்கும்வரை கட்டினோம். காய்கறி வாங்கப் போய், வரும் வழியில் சில்லறைக்காகக் காரின் டேஷ்போர்டைத் துழாவியது யாருக்கும் மறந்திருக்காது.

மாதவரம்–சிறுசேரி மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதும் இந்தப் பேச்சு நிச்சயம் திரும்ப வரும். கட்டணமே கூடாது என்பது என் வாதம் இல்லை (சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்). சர்வீஸ் ரோடு, நடைபாதை, உள்தெருக்களுக்கு மினி பஸ், இதையெல்லாம் செய்துவிட்டு அப்புறம் கேட்கட்டும். உள்ளூர்க்காரர்களுக்கு விலக்கும் வேண்டும்.

இதை அடுத்த பகுதி சபையில் (நம் வார்டு மக்கள் குறை சொல்லும் கூட்டம்) மனுவாகக் கொடுக்க, ஞாயிறு காலை 10 மணிக்கு நம் கிளப் ஹவுஸில் கூடுகிறோம். கவுன்சிலரையும் எதிர்க்கட்சி வட்டச் செயலாளரையும் சேர்த்தே அழைத்திருக்கிறோம். துண்டு, கொடி வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லியாகிவிட்டது. போன முறை மைக்குக்கு நடந்த இழுபறி போதும்.

வருபவர்கள் சனி இரவுக்குள் பெயர் கொடுங்கள், நாற்காலி சொல்ல வேண்டும்.

– அட்மின்