மூன்று வாரம் சோறில்லாமல்

ஆசிரியருக்கு வணக்கம்.

புரட்டாசி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் நிறுத்தினேன். வயது 61, எடை 74 கிலோ. முட்டை, மீன் இருக்கிறதே என்ற தைரியம். புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது என்பது உறைக்கவில்லை. மிச்சம் பன்னீர், தயிர், முட்டைக்கோஸ். ஒருநாள் காலிஃபிளவரைத் துருவி வேகவைத்து, சாம்பார் ஊற்றிப் பிசைந்தேன். சாம்பார் பாவம்.

முதல் வாரத்திலேயே இரண்டரைக் கிலோ குறைந்தது. தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். டாக்டராக இருக்கும் அண்ணன் மகள்தான் போட்டு உடைத்தாள்: "அத்தை, அதுல பெரும்பகுதி தண்ணி." உடல் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்துக்குக் கிளைகோஜன் என்று பெயராம்; அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் ஒட்டியிருக்குமாம், மாவுச்சத்தைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஐந்தாம் நாள் பெரம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் தலை சுற்றியதற்கும் நீரும் உப்பும் வெளியேறியதுதான் காரணமாக இருக்கும் என்றாள்.

அவள் பதறியது வேறொன்றுக்கு. நான் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவள். சோற்றை நிறுத்திவிட்டு அதே அளவு மாத்திரையை விழுங்கினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு இந்த உணவு அட்டவணையைக் கொடுத்த ஜிம்மில் ஒருவர்கூட "மாத்திரை ஏதாவது போடுறீங்களாம்மா?" என்று கேட்கவில்லை. உங்கள் ஞாயிறு இணைப்பின் எடைக்குறைப்புக் குறிப்புகளிலும் அந்த ஒரு வரியைக் காணோம். பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

இப்போது மதியம் ஒரு கரண்டி சோறு, தட்டு நிறையப் பொரியல். எடை 73.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை