ஹெக்ஸ் மெஷ்ஷைப் பொத்தானிடம் விட்டுவிடாதீர்கள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் இயந்திரவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். பொருளைச் சிறு துண்டுகளாக, அதாவது எலிமென்ட்களாகப் பிரித்துத் தகைவையும் விலகலையும் கணிக்கும் ஃபைனைட் எலிமென்ட் ஆய்வகத்தில் மாடலைத் திறந்து, அந்தப் பிரிப்பான மெஷ்ஷை ஆட்டோ மெஷ் பொத்தானிடம் விட்டு, வண்ணப் படத்தை ரெக்கார்டில் ஒட்டினால் சோதனை முடிந்துவிடுகிறது. மெஷ்ஷுக்கும் தனி மதிப்பெண் வையுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

டெட் (நான்முகி) மெஷ் ஏறக்குறைய எந்த வடிவத்திலும் தானாக விழுந்துவிடும். ஹெக்ஸ் (ஆறு நாற்கர முகங்கள் கொண்ட செங்கல் போன்ற துண்டு) விழாது. ஒரு டெட்டைப் பிளந்தால் பாதிப்பு அக்கம்பக்கத்தோடு நின்றுவிடும். ஹெக்ஸைப் பிளந்தால் அந்த வெட்டு எதிரெதிர் முகங்கள் வழியாகப் பொருளின் மறுமுனை வரை ஓடும். பரப்பில் 16 நாற்கரங்களே உள்ள ஷ்னைடர்ஸ் பிரமிட் என்ற சோதனை வடிவத்தை 36 ஹெக்ஸால் நிரப்பும் தீர்வே 2018இல்தான் வெளிவந்தது.

தானியங்கி முறைகள் இல்லாமல் இல்லை. சீரான கட்டங்களைப் பொருளுக்குள் அடுக்கி ஓரத்தைப் பரப்போடு பொருத்தும் கட்டச்சட்ட முறை எளிதில் உடையாது. ஆனால் உட்புறம் கச்சிதமாக இருக்க, தகைவு உச்சம் தொடும் வெளிப்பரப்பில்தான் கோணல் எலிமென்ட்கள் குவியும்; பாகத்தைச் சற்றுத் திருப்பி வைத்தாலே மெஷ் மாறிவிடும். 2011இல் வந்த கியூப்கவர் போன்ற எலிமென்ட்கள் எப்பக்கம் நோக்க வேண்டும் என்பதை முதலில் கணிக்கும் திசைப்புல முறைகள் பரப்போடு அழகாக ஒட்டி ஓடும். ஆனால் புலத்தின் ஒருமைக்கோடுகள் (திசை ஒழுங்கு குலையும் கோடுகள்) ஹெக்ஸுக்கு ஒவ்வாதபடி அமைந்தால் மெஷ்ஷே கிடைக்காது. ஆகவே பாகத்தை வெட்டிப் பிரிக்கும் கைத்திறன் இன்றும் தேவை.

முதல் சோதனையாக 200 மிமீ நீளம், 20 மிமீ அகலம், 10 மிமீ தடிமன் கொண்ட ஒரு முனை மட்டும் இறுக்கிய எஃகு நெடுங்கை உத்திரத்தைக் கொடுங்கள். நுனியில் 100 நியூட்டன் சுமை, யங் குணகம் 200 கிகாபாஸ்கல் என்றால் சூத்திரப்படி விலகல் 0.8 மிமீ. நான்கு கணு (கணக்கிடும் புள்ளி) டெட்டைப் பெரிதாகப் போட்டால் விடை இதைவிட வெகுவாகக் குறையும். ஒவ்வொரு துண்டிலும் ஒரே புள்ளியில் தகைவைக் கணிக்கும் குறைத்த தொகையிடல் ஹெக்ஸில் தடிமனுக்கு ஒரே அடுக்கு வைத்தால் தொகையிடல் புள்ளி நடு அச்சிலேயே விழும், வளைவுத் தகைவு அங்கே பூச்சியம், உத்திரம் தொய்ந்துவிடும். நான்கு அடுக்காவது வேண்டும். இதை மாணவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்து உருளைத் தண்டு. வட்ட முகத்தை நேரடியாக நாற்கரமாக்கினால் நான்கு மூலைகளிலும் கோணம் 180 டிகிரியை நெருங்கி, எலிமென்டின் வடிவத் தரத்தைக் காட்டும் ஸ்கேல்டு ஜேகோபியன் (கச்சிதமானால் 1) பூச்சியத்தை நோக்கிச் சரியும். நடுவில் ஒரு சதுரம், சுற்றிலும் நான்கு பிளாக் என ஓ-கிரிட் அமைத்தால் தீர்ந்தது. கடலூர் துறைமுக விசைப்படகுகளில் புரொப்பல்லர் தண்டைத் தாங்கும் ரப்பர் புஷ் இன்னும் நல்ல பயிற்சி: வளைய முகத்தை நீளவாக்கில் இழுத்து ஸ்வீப் செய்தால் போதும். ரப்பர் கிட்டத்தட்ட அமுங்காப் பொருள் என்பதால் அழுத்தத்தைத் தனியாகக் கணிக்கும் ஹைப்ரிட் எலிமென்டும் தேவைப்படும்.

புராஜெக்ட் தேர்வில் எல்லாவற்றுக்கும் ஹெக்ஸ்தான் வேண்டும் என்று மாணவரை நெருக்காதீர்கள். சிக்கலான வார்ப்புப் பாகத்துக்குப் பத்துக் கணு டெட் தாராளமாகப் போதும். ஒவ்வொரு டெட்டையும் நான்கு ஹெக்ஸாகப் பிளந்து காட்டும் குறுக்குவழியை மட்டும் ஏற்காதீர்கள். அதன் தரம் மோசம்.

மதிப்பிடும்போது எலிமென்ட் எண்ணிக்கையைக் கேட்பதை விட்டு, மிகக் குறைந்த ஸ்கேல்டு ஜேகோபியன் எவ்வளவு, அந்த எலிமென்ட் எங்கே இருக்கிறது, மெஷ்ஷை இருமடங்கு நுணுக்கினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
மெஷ் பணியில் உள்ள பொறியாளர்கள் சிலர்,
புதுச்சேரி