முதல் வெள்ளித் திருப்பலி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

சென்னை

கிறிஸ்துவில் அன்புமிக்க பெற்றோருக்கு,

வணக்கம். நம் பள்ளியில் மாதத்தின் முதல் வெள்ளியன்று நடக்கும் திருப்பலியில், சென்ற முறை நான் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தேன். நற்செய்திக்கு எல்லாரும் எழுந்தபோது, நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கட்டைவிரலால் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சின்னச் சிலுவை போட்டான். அவசரமே இல்லை; மூன்றையும் அழுத்திப் போட்டான். பூசை முடிந்ததும் கூப்பிட்டு, "இது எதுக்குப்பா?" என்று கேட்டேன்.

"தெரியாது மிஸ். எங்க ஆயா போடுவாங்க."

அவன் பாட்டியான அந்த ஆயாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியும் பலருக்குப் படியாதது, ஞாயிறுதோறும் அவர் பக்கத்தில் நின்றே இவனுக்குப் படிந்துவிட்டது. ஆண்டவரின் வார்த்தை சிந்தையில் இருக்கட்டும், வாயில் வரட்டும், நெஞ்சில் தங்கட்டும் என்பதுதான் அதற்குப் பொருள் என்று சொன்னேன். உடனே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தான்.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்: செய்து காட்டுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். "என் பாவமே, என் பாவமே" என்னும்போது நெஞ்சில் தட்டுவது எதற்கு? நற்செய்திக்கு நிற்பது எதற்கு? நிற்பது உயிர்ப்பின் அடையாளம். ஞாயிற்றுக்கிழமைகளில் முழந்தாளிடாமல் நின்றே செபிக்க வேண்டும் என்று 325-இல் நிசேயா நகரில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கமே அன்று விதித்திருந்தது. சமாதானம் பகிரும்போது நாம் கைகூப்புவதும் ஏனோதானோ வழக்கமல்ல. 1969 ஏப்ரல் 25 அன்று உரோமை இந்தியத் திருச்சபைக்குத் தந்த பன்னிரண்டு அனுமதிகளில் அதுவும் ஒன்று. முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பித் தாழ வணங்கலாம் என்பதும் அதிலேயே உண்டு. நம் மண்ணின் வணக்கம் பீடத்தின் முன் ஏற்கப்பட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிறைகிறது.

ஒரு வருத்தமும் உண்டு. கோயிலுக்கு வெளியே, வண்டி நிறுத்திய இடத்திலேயே நின்று பூசை காணும் பழக்கம் நம்மில் பலருக்கு, குறிப்பாக அப்பாக்களுக்கு, இருக்கிறது. உள்ளே கூட்டம், புழுக்கம், தெரியும். ஆனால் குருவானவர் நற்கருணையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் மணி அடிக்கும்போது எல்லாரும் முழந்தாளிட, அப்பா மட்டும் கைபேசியோடு நிற்பதைப் பிள்ளை பார்க்கிறது. பெசன்ட் நகர் மாதா திருவிழாவுக்குக் காவி உடுத்தி அத்தனை தூரம் நடக்கிறவர்கள் நாம். உடலும் செபிக்கும் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிறன்று பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள், பிள்ளையோடு உள்ளே அமருங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் சிரமப்பட வேண்டாம். குருவானவர் முழந்தாளிடும்போது தாழ்ந்து வணங்கினால் போதும். திருச்சபை ஒழுங்கே அப்படித்தான் சொல்கிறது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால், உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைத் தவறாக நினைக்க மாட்டார்கள். பிற சமயப் பிள்ளைகளை நாங்கள் எதற்கும் வற்புறுத்துவதில்லை.

அடுத்த முதல் வெள்ளி காலை 8 மணித் திருப்பலிக்கு முடிந்தவர்கள் வாருங்கள். காலணிகளை வாசலில் விட்டுவிட்டு, பிள்ளைக்குப் பக்கத்திலேயே பாயில் உட்காரலாம். ஆயா, தாத்தாக்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறோம்.

ஆண்டவரில் அன்புடன்,
தலைமையாசிரியை