முறுக்கினால் குறையும் மின்சாரம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே அம்மா நலம். கண்புரை எடுத்த பிறகு தினமும் பேப்பர் படிக்கிறார்.

"ஒரு மூலக்கூறைப் போய்க் கம்பி என்கிறாயே?" என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் மின்வாரியத்தில் கம்பி இழுத்தவன் கேட்கத்தான் செய்வாய். உன் செம்புக் கம்பியைச் சுருட்டினாலும் முறுக்கினாலும் மின்தடை மாறாது. நீளம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும். மூலக்கூறில் இந்த இரண்டு கணக்குமே செல்லாது.

நீளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் பிணைப்புகளாலான ஆல்கேன் சங்கிலியில் ஒரு கார்பன் கூடினால் கடத்துத்திறன் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறையும். பத்து கார்பன் கூடினால் என்ன ஆகும், நீயே பெருக்கிப் பார்.

என்னைத் தூங்கவிடாதது முறுக்கல்தான். பைஃபீனைல் என்பது இரண்டு பென்சீன் வளையங்கள் (ஆறு கார்பன் சேர்ந்த தட்டையான வளையங்கள்), நடுவே ஒரே ஒரு பிணைப்பு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லதா வெங்கட்ராமனும் குழுவினரும் இந்தக் குடும்பத்தில் ஏழு மூலக்கூறுகளை அளந்து 2006-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். தங்க ஊசிமுனையைத் தங்கத் தகட்டில் தொட்டு இழுப்பார்கள். அறுந்த இடைவெளியில், இரு நுனியிலும் அமீன் (தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் நைட்ரஜன் தொகுதி) உள்ள மூலக்கூறு ஒன்று பாலமாக மாட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான தடவை இழுத்து இழுத்து அளந்தார்கள், அந்தப் பொறுமையை நினைத்துப் பார்!

வளையங்கள் ஒரே தளத்தில் கிடந்தால் பை எலக்ட்ரான் மேகங்கள், அதாவது வளையத்தின் மேலும் கீழும் பரவிக்கிடக்கும் எலக்ட்ரான்கள், கலந்து மின்னோட்டத்துக்கு வழிவிடும். இணைப்பின் பக்கத்தில் மெத்தில் தொகுதிகளை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) வைத்தால் அவை இடித்துக்கொண்டு வளையங்களை ஏறக்குறைய செங்குத்தாகத் திருப்பிவிடும். கடத்துத்திறன் தட்டையானதைவிடச் சுமார் 20 மடங்கு குறைந்துபோனது. இடைப்பட்ட கோணங்களில் அந்தக் கோணத்தின் கொசைன் வர்க்கத்தை ஒட்டியே இறங்கியது. 60 பாகை என்றால் கால் பங்கு. நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த அதே கொசைன், ஒற்றை மூலக்கூறுக்குள்!

வகுப்பில் இரண்டு வளையங்களுக்குப் பதிலாக இரண்டு பனையோலை விசிறிகளைக் காம்போடு காம்பு கட்டிக் காட்டினேன். ஒரு மாணவி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இதையே சுவிட்சா வச்சுக்கலாமா சார்?" என்றாள். அங்கே திருப்புவதற்குக் கை ஏது என்றேன். "வெளிச்சம் திருப்பாதா?" என்றாள். ஒளி பட்டால் வடிவம் மாறும் அசோபென்சீனைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

பொங்கலுக்கு வரும்போது உன் பழைய மல்டிமீட்டரை எடுத்து வா. அந்தப் பெண்ணுக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்