ஊசி போடும் அந்தப் பத்து நிமிடம் எங்களை வெளியே நிறுத்தாதீர்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் குழந்தைகள் வார்டு நடத்தும் மருத்துவமனைகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் என் ஐந்து வயது மகள் டெங்கு காய்ச்சலோடு ஆறு நாள் உங்களில் ஒருவருடைய மருத்துவமனையில் இருந்தாள். பெயரைச் சொல்லப் போவதில்லை. பக்கத்துப் படுக்கைகளில் இருந்த தாய்மார்களிடம் பேசியபோது, அவர்கள் முன்பு போய்வந்த இடங்களிலும் இதே வழக்கம்தான் என்றார்கள். வைத்தியத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பிள்ளையை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தீர்கள். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

டெங்கு வார்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ட்ரிப்ஸ் ஏற்ற கையில் வென்ப்ளான் என்கிற சின்னக் குழாயை ஊசியால் குத்திப் போட வேண்டும். பிளேட்லெட் என்கிற ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை பார்க்க தினமும், சில நாள் இரண்டு வேளையும், ரத்தம் எடுக்க வேண்டும். காய்ச்சலில் வாடிப்போன பிள்ளைக்கு நரம்பு சட்டென்று கிடைக்காது. எல்லாம் புரிகிறது. குத்தாமல் வைத்தியம் பாருங்கள் என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள் ராத்திரி அந்த வென்ப்ளானைப் போட அவளை ஒரு சின்ன அறைக்குத் தூக்கிப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். "நீங்க வெளிய இருங்கம்மா, உங்களப் பார்த்தா இன்னும் அழுவா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் ஒரு சிஸ்டர். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி இருந்தது. ஒருவர் காலைப் பிடித்திருந்தார், ஒருவர் தோளை அழுத்தியிருந்தார், இன்னொருவர் கையை. மல்லாக்கப் படுத்திருந்த பிள்ளைக்கு மேலே தெரிந்ததெல்லாம் முன்பின் தெரியாத நான்கு முகங்கள். "வலிக்காது, வலிக்காது" என்று ஒரு குரல். "அழுதா பெரிய ஊசியா போட்டுடுவேன்" என்று இன்னொரு குரல். மூன்று முறை குத்தி, நான்காவதில் கிடைத்தது. முதலில் "அம்மா" என்று கத்தினாள். அப்புறம் "அப்பா" என்றாள், அவர் அப்போது ஊரில் இருந்தார். அப்புறம் பாட்டியை நினைத்து "ஆயா" என்றாள். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை.

வெளியே கொண்டுவந்து என் மடியில் கொடுத்தபோது அழுகை நின்றிருந்தது. "பாத்தீங்களா, சமத்தாயிட்டா" என்றார்கள். படுக்கைக்கு வந்ததும் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீ ஏம்மா வெளிய போன?"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. மறுநாளிலிருந்து தள்ளுவண்டிச் சக்கரச் சத்தம் தூரத்தில் கேட்டாலே போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். ஒன்றரை வருடமாகப் படுக்கையை நனைக்காத பிள்ளை இரண்டு ராத்திரி நனைத்தாள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஊசி போடும்போது, ரத்தம் எடுக்கும்போது, பெற்றவர்களில் ஒருவரைக் குழந்தையோடு இருக்க விடுங்கள்.

ராத்திரி முழுக்க வார்டுத் தரையில் பாய் போட்டுப் படுப்பவள் தாய்தான். பில் கட்ட, மருந்து வாங்க, ரிப்போர்ட் வாங்கிவர, சிறுநீரை அளந்து குறித்துவைக்க, எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கூப்பிடுகிறீர்கள். சந்தோஷமாகச் செய்கிறோம். பிள்ளைக்கு நாங்கள் உண்மையாகவே தேவைப்படுகிற அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

அம்மா இருந்தால் பிள்ளை அதிகம் அழும் என்கிறீர்கள். அழும்தான். யாரிடம் அழுதால் ஆறுதல் கிடைக்கும் என்று அதற்குத் தெரிகிறது, அதனால் அழுகிறது. கூப்பிட்டு ஓய்ந்து வாயடைத்துப் போவதைச் சமத்து என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சில பெற்றோர் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுவதும், கூச்சல் போடுவதும் உண்டு, மறுக்கவில்லை. அவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள், முடியாது என்பவர் வெளியே நிற்கட்டும். உயிர் போகிற அவசரத்தில் யாரிடமும் கேட்க நேரம் இருக்காது என்பதும் தெரியும். தினமும் காலையில் எடுக்கிற ரத்தத்தில் அந்த அவசரம் இல்லையே.

இது முடியாத காரியம் இல்லை என்பதையும் அதே வார்டில்தான் பார்த்தேன். மூன்றாம் நாள் ராத்திரி டியூட்டிக்கு வயதான சிஸ்டர் ஒருவர் வந்தார். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, பிள்ளையை என் நெஞ்சோடு நெஞ்சாக மடியில் உட்கார வைத்தார். அவள் கால்கள் என் இடுப்பைச் சுற்றி, ஒரு கை என் முதுகில், இன்னொரு கை மட்டும் சிஸ்டர் பக்கம். கையில் கட்டுகிற ரப்பரை முதலில் அவளிடமே கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். "வலிக்கும் கண்ணு. நீ பத்து எண்றதுக்குள்ள முடிச்சிடறேன். அழணும்னா அழு, கைய மட்டும் ஆட்டாத" என்றார். அவள் அழுதாள். அழுதுகொண்டே எண்ணினாள். ஏழில் முடிந்தது. பிடித்து அழுத்த மூன்று பேர் தேவைப்படவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் செய்ததற்கு ஒரு பைசா செலவில்லை.

இது ஒரு சிஸ்டரின் நல்ல மனசோடு நின்றுவிடக் கூடாது. தடுப்பூசி போடும்போது வலியைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது: பெற்றவர் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கூட இருக்கட்டும், சின்னப் பிள்ளைகளை அவர்களே பிடித்துக்கொள்ளட்டும், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கட்டும், வலியைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டாம். ட்ரிப்ஸ் ஊசிக்கும் பிள்ளையின் பயம் அதே பயம்தான். தோலை மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த களிம்பும் இருக்கிறது. தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்டி மூடி, ஒரு மணி நேரம் விட வேண்டும். காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுக்கப் போவது முந்தின நாளே தெரியும்போது, ஐந்து மணிக்குத் தடவ எங்களுக்குச் சொல்லித்தரக் கூடாதா? எந்தப் பிள்ளைக்குத் தடவலாம், எதற்குக் கூடாது என்று டாக்டர் சொல்லட்டும். எழுந்து தடவ நாங்கள் இருக்கிறோம்.

வலியைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர் இது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் அடிபட்டும் சுட்டுக்கொண்டும்தான் தேய்ந்து போகின்றன என்று இங்கேதான் கண்டறிந்து சொன்னார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குழந்தையின் வலியை "ஒண்ணுமில்ல" என்று சொல்லித் தள்ளலாமா? காட்பாடியில் ரயில் நின்றால் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எத்தனை குடும்பங்கள் இறங்குகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு "ஒண்ணுமில்ல" என்ற வார்த்தைகூடப் புரியாது. கதவைச் சாத்திய அறைக்குள் அவர்களுக்குத் தெரிந்த பாஷை தாயின் குரல் மட்டும்தான்.

எங்கள் மேலும் தப்பு உண்டு. சோறு தின்னாத பிள்ளையை "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லட்டுமா" என்று மிரட்டாத வீடு எங்கள் தெருவில் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன். இனி சொல்ல மாட்டேன். நீங்களும் வார்டில் அதைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிஸ்டர்களுக்கு வேலைச் சுமை அதிகம், ஒருவர் எத்தனை படுக்கையைப் பார்க்கிறார் என்று ஆறு நாளும் கண்ணால் பார்த்தேன். அதனால் அவர்களை நொந்துகொள்ளவில்லை. உள்ளே விடுவதா, வெளியே நிறுத்துவதா என்பது உங்கள் உத்தரவு. அதை மாற்றுங்கள். பெற்றவரில் ஒருவர் கூட இருக்கலாம் என்று அந்த அறைக் கதவில் தமிழிலும், வெளியூர்க்காரர்களுக்குப் புரியும்படி இந்தியிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டுங்கள். பணிவாகவே கேட்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை ரிவ்யூவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மறுபடி ரத்தம் எடுப்பார்களாம். இந்தத் தடவை நான் கூடவே இருப்பேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கதவைச் சாத்தாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
குடியாத்தம்.